ரெக்கார்ட் பிளேயருக்கு ஒரு மரச்சிற்பம்: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: திருவான்மியூரில் அடுக்குமாடி வீடு. அப்பா சேர்த்து வைத்த 400 எல்.பி. ரெக்கார்டுகள், ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஒரு வால்வ் (கண்ணாடிக் குழல்) ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. கடையில் விற்கும் டி.வி. யூனிட் வேண்டாம். கையால் செதுக்கிய, சிற்பம் போல வளைந்து நிற்கும் ஒரு மரச்சாமான் வேண்டும். எந்த மரம், யார் செய்வார்கள், எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல ஆசை, சென்னையில் செய்துவிடவும் முடியும். ஆனால் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு முன்பக்கப் படத்தோடு வருகிறார்கள். நான் முதலில் பின்பக்கத்தை வரையச் சொல்வேன். ஒயர் எங்கே போகிறது, சூடு எங்கே வெளியேறுகிறது, சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, ஒரு பிளக்கைக் கழற்ற வேண்டுமானால் கை உள்ளே போகுமா? இவை முடிவான பிறகுதான் வளைவுகளைப் பற்றிப் பேச வேண்டும். அப்படிச் செய்தால் அந்த வளைவுகளுக்கு ஒரு வேலை கிடைக்கும். வேலை இல்லாத செதுக்கல் சீக்கிரம் சலித்துவிடும்.

இசைக்கருவியை மரச்சாமானுக்குள் வைக்கும் பழக்கம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1906-இல் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் கிராமபோனின் பெரிய குழலை மடக்கி ஒரு மரப்பெட்டிக்குள் மறைத்து 'விக்ட்ரோலா' என்று விற்றது. கிராமபோன் வரவேற்பறைச் சாமானாக மாறியது அதற்குப் பிறகுதான். நம் ஊரில் அதன் வாரிசுதான் ரேடியோகிராம். கீழே ஸ்பீக்கர், மேலே மூடியைத் தூக்கினால் ரெக்கார்ட் பிளேயர், நடுவில் வால்வ் ரேடியோ. பார்க்க அழகு. ஆனால் ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால் சத்தத்தைக் கூட்டினாலே ஒரு 'ஊம்' எழும். அந்த ஏற்பாட்டை மட்டும் திரும்பச் செய்யாதீர்கள்.

சிற்பம் போன்ற வடிவமே ஒலிக்காக உழைத்த உதாரணம் வேண்டுமானால் 1957-இல் வந்த ஜே.பி.எல். பாரகன். ஏறத்தாழ 9 அடி அகலமுள்ள ஒரே மரச்சாமானுக்குள் இரண்டு ஸ்பீக்கர்களும் அடங்கும். நடுவில் வில்லாக வளைந்த ஒரு பெரிய மரமுகம். இருபக்கக் கொம்பு (ஹார்ன்) ஸ்பீக்கர்களின் ஒலி அந்த வளைவில் பட்டு அறை முழுக்கப் பரவும். அதே வளைவைத்தான் வீட்டுக்கு வருகிறவர்களும் பார்த்து நிற்பார்கள். அந்த வளைவை எடுத்துவிட்டால் அங்கே சாமானும் இல்லை, ஒலியும் இல்லை.

இன்னொரு உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது. பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய மரச்சாமான் கலைஞராகப் பேரெடுத்த ஜார்ஜ் நகஷிமா, 1930-களின் பிற்பகுதியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலைக்காக அங்கே வந்து தங்கியிருந்தார். விடுதியை வடிவமைத்தவர், நகஷிமா வேலை பார்த்த கட்டடக் கலைஞர் ஆண்டனின் ரேமண்ட். அந்த விடுதியின் அறைகளுக்குத் தேக்கில் நகரும் கதவுகள் உண்டு. சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். காற்று தாராளமாகப் போகும், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கடற்கரை ஊரில் ஆம்ப்ளிஃபையர் வைக்கும் அலமாரிக்கு இதைவிடப் பொருத்தமான கதவு எனக்குத் தெரியாது. சூடு வெளியேறும், தூசி ஓரளவு தடுக்கப்படும், ரிமோட்டின் கதிரும் இடுக்கு வழியாகப் போய்ச் சேரும். பிரம்புப் பின்னலும் இதே வேலையைச் செய்யும். ஆனால் கடல் ஈரத்தில் பிரம்பு தளர்ந்து தொய்யும், சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும்.

சரி, இனி உங்கள் பொருட்களுக்கு வருவோம். முதலில் ரெக்கார்டுகள், ஏனென்றால் எடை அங்கேதான் இருக்கிறது. உறையோடு ஒரு எல்.பி. சுமார் 250 கிராம். 400 என்றால் 100 கிலோ. ஒன்றை ஒட்டி ஒன்றாக நிறுத்தினால் ஒன்றரை மீட்டர் நீளம். படுக்க வைத்து அடுக்கினால் வளையும், அதனால் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும். உறை 31.5 சென்டிமீட்டர் சதுரம். ரெக்கார்டு நிற்கும் அறையின் உள்உயரம் 34, ஆழம் 33 வைத்தால் விரல் நுழைய இடம் இருக்கும். ஒவ்வோர் அறையும் 40 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம், நான்கு அறைகள் போதும். அகலம் கூடினால் பலகை தொய்யும், ரெக்கார்டுகளும் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று அழுத்தும். இந்த 100 கிலோவைக் கீழ்த்தட்டில் வைத்தால் சாமான் அசையாமல் நிற்கும். மேலே எவ்வளவு வளைத்தாலும் கவிழும் பயம் இல்லை. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க வேண்டாம். தாழ்வான பகுதி என்றால் ரெக்கார்டுகளின் அடித்தட்டைத் தரையிலிருந்து இரண்டடிக்கு ஏற்றுங்கள்.

வால்வ் ஆம்ப்ளிஃபையரை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. பவர் வால்வின் கண்ணாடி 200 டிகிரி வரை சூடாகும். சென்னை மே மாதத்தில் அறையே 34 டிகிரியில் இருக்கும்போது, அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் வால்வுக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் ஆயுளை இழக்கும். சாமானின் மேல்தளத்தில் திறந்தபடி வையுங்கள். வால்வின் ஆரஞ்சு வெளிச்சம் செதுக்கிய மரத்தின் மேல் விழுவது தனி அழகு. ஆனால் மரம் பக்கத்தில் வரும் இடங்களில் 15 சென்டிமீட்டராவது விலகல் வேண்டும். வழக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் என்றால் உள்ளறையில் வைக்கலாம். அப்போது அடியில் ஒரு நீள இடுக்கு, பின்பக்க மேல்விளிம்பில் அதைவிடச் சற்றுப் பெரிய இடுக்கு. சூடான காற்று தானாக மேலேறிப் போகும், விசிறி தேவையில்லை. பின்பலகையை முழுதாக அடைக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஆழம் மட்டும் தாராளமாக இருக்கட்டும்: 38 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் ஒயர் முனைகளுக்கு இன்னொரு 10 சென்டிமீட்டர் வேண்டும்.

இனி ரெக்கார்ட் பிளேயர். இங்கேதான் மரவேலை உண்மையாகவே ஒலியைப் பாதிக்கும். ஊசி உணர்வது மைக்ரான் அளவு அசைவுகளை. ஸ்பீக்கரின் அதிர்வு மரம் வழியாக ஊசிக்குப் போனால் அதையும் பாட்டென்று எண்ணி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவிடும். எனவே ஸ்பீக்கர்கள் இந்தச் சாமானின் மேல் உட்காரக் கூடாது, தனி நிலைகளில் நிற்கட்டும். மேல்நாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, நடந்தாலே ஊசி துள்ளும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது மரத்தளம் போட்ட வீடுகளின் பிரச்சினை. நம்முடையது கான்கிரீட் தளம், மேலே மொசைக்கோ டைல்ஸோ. நடை அதிர்வு இங்கே பெரிய எதிரி அல்ல, ஸ்பீக்கர்தான் எதிரி.

என் யோசனை: ரெக்கார்ட் பிளேயர் நிற்கும் மேடையைச் செதுக்கிய உடலோடு சேர்த்து ஒட்டாதீர்கள். மேல்தளத்தில் ஒரு பள்ளம் விட்டு, அதில் தடித்த ரப்பர் கட்டைகள் வைத்து, அவற்றின் மேல் ஒரு கருங்கல் பலகையைத் தனியாக மிதக்க விடுங்கள். சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் கடைகளில் துண்டுக்கல் மலிவாகக் கிடைக்கும். 45-க்கு 38 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர் கனம் என்றால் ஏறத்தாழ 14 கிலோ. கல்லை மட்டும் வைத்தால் தட்டும்போது மணிபோல ஒலிக்கும், அடியில் ரப்பர் இருந்தால் அடங்கிவிடும். தேக்கின் பழுப்புக்கும் பளபளப்பேற்றாத கருங்கல்லின் கருமைக்கும் நல்ல பொருத்தம். மூடியைத் தூக்க மேலே 40 சென்டிமீட்டர் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சாய்ந்த வளைவுகள் அங்கே குறுக்கே வரும்.

ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜுக்கு அருகில் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் வந்தால் 'ஹம்' என்ற இரைச்சல் பிடிக்கும். உங்கள் இரண்டு கருவிகளும் மேல்தளத்தில்தான் நிற்கப்போகின்றன, எனவே ஒன்றை ஒரு கோடியிலும் மற்றதை மறு கோடியிலும் வையுங்கள். நடுவில் அரை மீட்டர் இருந்தால் நிம்மதி. அந்த அரை மீட்டர்தான் சிற்பிக்குக் கிடைக்கும் இடம். மரம் எழுந்து, மடங்கி, திரும்ப இறங்கலாம். தேவையே உருவத்துக்கு வழிவிடும் இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

உயரம் பற்றி ஒரு சிக்கல் உண்டு. நின்றபடி ரெக்கார்டு மாற்ற 80 சென்டிமீட்டர் வசதி. ஆனால் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் அந்த உயரத்தில் கனமான சாமான் நின்றால், பாடகர் நடுவில் நின்று பாடுவது போன்ற தோற்றம் குலையும். முடிந்தால் சாமானைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஸ்பீக்கர்களின் முகம் சாமானின் முகத்தைவிட ஓரடியாவது முன்னே வரட்டும்.

மரத்துக்கு வருகிறேன். சென்னையில் எது செய்தாலும் ஈரம்தான் முதல் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், ஏ.சி. போட்ட கோடையில் சுருங்கும். நாரின் நீளவாட்டில் இது கண்ணுக்குத் தெரியாது, குறுக்குவாட்டில் தெரியும். 50 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 14 சதவிகிதத்திலிருந்து 10-க்கு இறங்கினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் சுருங்கும். வருட வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி அறுத்த பலகை என்றால் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த 4 மில்லிமீட்டருக்கு இடம் கொடுக்காமல் நாலாபுறமும் ஒட்டி ஆணி அடித்தால் பலகை வெடிக்கும். நல்ல ஆசாரி மேல்பலகையைத் திருகும்போது நீள்துளை போட்டுத் திருகுவார். மரம் வாங்கும்போதே மாய்ஸ்ச்சர் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 சதவிகிதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 18 காட்டும் மரத்தை 'சீசன் ஆன மரம் சார்' என்று யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

தேக்கு இந்த ஊருக்கு ஏன் சரி என்றால், அசைவு குறைவு, அதன் எண்ணெய்ப்பசை கரையானை விரட்டும், செதுக்கவும் இணங்கும். சேகு (நடுவில் இருக்கும் வைரம் பாய்ந்த பகுதி) மட்டும் எடுங்கள், ஓரத்து வெளிர்மரம் உளுத்துப்போகும். அதே எண்ணெய்ப்பசை ஒட்டு பிடிப்பதைக் கெடுக்கும் என்பதால் ஒட்டும் முன் தின்னரால் துடைக்க வேண்டும். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் பர்மாத் தேக்குச் சட்டங்கள் கிடைத்தால் விடாதீர்கள். பல பத்தாண்டுகள் காய்ந்தவை, இனி அதிகம் ஆடாது. சூளைப் பக்க மரக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். காரைக்குடிக்குப் போகும் வாய்ப்பிருந்தால் அங்கேயும் பழைய மரம் கிடைக்கும். உள்ளே முறிந்த ஆணி இருக்கும், காந்தம் வைத்துத் தேடிவிட்டு ரம்பத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

பலா மரத்தை நம்மவர்கள் இன்னும் அதிகம் பயன்படுத்தலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். தஞ்சாவூர் வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் பலாதான். உளிக்கு இணங்கும், புதிதில் மஞ்சளாக இருந்து வருடங்கள் போகப்போகத் தேன்பழுப்பாகும். சட்டங்களைத் தேக்கிலும் செதுக்கும் பகுதியைப் பலாவிலும் செய்தால் இரண்டு நிறமும் கிடைக்கும், கர்நாடக சங்கீத ரெக்கார்டுகளுக்கு அது இயல்பான வீடாகவும் இருக்கும். தோதகத்தி, அதாவது ஈட்டி, அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் காப்பதற்காகத் தமிழ்நாட்டில் 1994-இலேயே தனிச் சட்டம் போட்டார்கள், உலக அளவிலும் அதன் வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. முறையான ரசீது இல்லாமல் தொடாதீர்கள். கைப்பிடி, ஆப்பு மாதிரியான சின்ன உறுப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

வளைவுகளை எப்படிச் செய்வது? ஒரே கட்டையைக் குடைவது ஒரு வழி. அரும்பாவூரிலும் கள்ளக்குறிச்சியிலும் கோயில் சிலைகளும் வாகனங்களும் செதுக்கும் பரம்பரைகள் இருக்கின்றன, இரண்டு ஊர் மரச்சிற்பங்களுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவர்கள் கையில் உளி ஓடுவதைப் பார்த்தால் மனம் நிறையும். ஆனால் சாமானுக்குப் பெரிய ஒற்றைக்கட்டை வேண்டாம். நடுத்தண்டு உள்ளே இருக்கும் கட்டை காயும்போது பிளக்கும். சிலையில் அந்தப் பிளவை அடைத்துவிடலாம், 100 கிலோ தாங்கும் அலமாரியில் அது ஆபத்து. அமெரிக்காவின் வெண்டெல் காஸில் 1960-களில் பரவலாக்கிய முறை இங்கே உதவும்: உலர்ந்த பலகைகளை வேண்டிய உருவத்துக்குத் தோராயமாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடுக்கி, அந்த அடுக்கைச் செதுக்குவது. நாரின் திசை எல்லாப் பலகைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மரமும் குறைவாக வீணாகும், உள்ளே ஒயர் போகும் குழியையும் அடுக்கும்போதே விட்டுவிடலாம்.

ஆகவே ஒருவரைத் தேடாதீர்கள், இருவரைத் தேடுங்கள். சென்னையில் மூட்டுவேலை தெரிந்த ஒரு தச்சர், செதுக்கத் தெரிந்த ஒரு சிற்பி. தச்சர் உலர்ந்த அடுக்குக் கட்டையைத் தயார் செய்து, பாரம் தாங்கும் கழுந்துகளை (மூட்டில் நுழையும் நாக்குகளை) வெட்டிக் கொடுத்த பிறகு சிற்பி உளியை எடுக்கட்டும். தச்சரைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: அவர் செய்த பழைய மேஜை ஒன்றின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூட்டுக்குப் பதிலாக இரும்பு 'எல்' ஆங்கிளும் கருப்புத் திருகும் நிறைந்திருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் வீடு கடலுக்கு மிக அருகில், சாதா இரும்புத் திருகு இரண்டே மழையில் துருப்பிடித்து மரத்தில் கறை இறக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு மட்டும்.

வேலை தொடங்கும் முன் முழு அளவில் அட்டையிலோ தெர்மகோலிலோ ஒரு மாதிரி செய்து, வீட்டில் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். தாளில் நளினமாகத் தெரிந்த வளைவு, 10-க்கு 12 அடி அறையில் யானையாக உட்காரும். பக்கத்தில் நடந்து பாருங்கள், ரெக்கார்டை எடுப்பது போலக் குனிந்து பாருங்கள். இந்தச் செலவில் கைவைக்காதீர்கள். லிப்ட் கதவையும் வாசல் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். சாமான் இரண்டு அல்லது மூன்று பாகமாகப் பிரிந்து போல்ட்டில் சேர்வது நல்லது.

பாலிஷ் பற்றிச் சுருக்கமாக. மெலமைன் பளபளப்பு செதுக்கிய பரப்பில் பிளாஸ்டிக் போலத் தெரியும், கீறினால் சரிசெய்வதும் கஷ்டம். வெறும் ஆளிவிதை எண்ணெய் நம் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். டங் எண்ணெய், அல்லது அவலரக்கு பாலிஷ் என் தேர்வு. பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகள் செய்ததும் இதே அரக்கை வைத்துத்தான் என்பது எனக்குப் பிடித்த தகவல். எதைப் பூசினாலும் உள்பக்கம், அடிப்பக்கம் எல்லாவற்றிலும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை கோணும். கால்களின் அடிமுனைக்கு ஒரு சுற்று அதிகமாகப் பூசி, பித்தளைக் குப்பி மாட்டுங்கள். தினமும் வீடு துடைக்கும் தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான்.

ஆம்ப்ளிஃபையருக்கு அடியில் இன்ன மரம் வைத்தால் ஒலி இனிக்கும் என்று விலையுயர்ந்த பலகைகள் விற்கிறார்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. வால்வுகளுக்கு அதிர்வு கொஞ்சம் ஒத்துக்கொள்ளாது, அதற்கு நாலு ரப்பர் கால்கள் போதும். அந்தப் பணத்தைச் சிற்பிக்குக் கூலியாகக் கொடுங்கள்.

சாமான் வந்ததும் வெளிச்சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஓதம் காக்கும். மேற்கு வெயில் படும் ஜன்னல் பக்கமும் வேண்டாம், ரெக்கார்டுகள் நெளிந்துவிடும். முதல் சில வாரங்கள் பிளேயரை வைக்காமல் ரெக்கார்டுகளை மட்டும் அடுக்கி, பாரத்தில் எங்காவது இறங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் கருங்கல்லின் மேல் ரசமட்டம் வைத்து, கால்களைத் திருகிச் சமன்செய்து, பிளேயரை ஏற்றலாம். முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை மாதத்தில் தச்சரை ஒரு தடவை கூப்பிட்டு எல்லா போல்ட்டையும் இறுக்கி, கதவுகள் உரசும் இடத்தில் இழைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே இந்த ஒரு வருகையையும் பேசி விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.